பிள்ளைக்குப் பசி இல்லையா, பசி தெரியவில்லையா? பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாப்பிடச் சிரமப்படும் பிள்ளைகளோடு பினாங்குத் தீவிலும் செபெராங் பக்கமும் வேலை செய்யும் ஓ.டி. (ஒக்குப்பேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) நான். வருகிற பெற்றோர் முதலில் கேட்பது "என்ன கொடுத்தால் சாப்பிடுவான்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: வயிறு சொல்வது பிள்ளைக்குத் தெரிகிறதா? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். சமையல் குறிப்பு தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இங்கே கிடையாது.

மூணு வயசாகுது. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலன்னாலும் பசின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறான். பசியே எடுக்காத பிள்ளைன்னு உண்டா?

உண்டு. ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பாலும் பசி உடம்பில் இருக்கிறது, பிள்ளையிடம் போய்ச் சேர்வதில்லை.

பசித்தவன் தட்டுக்கு வருவதற்குள் நாலு காரியம் நடக்க வேண்டும். வயிறு செய்தி அனுப்ப வேண்டும், மூளை அதைக் கவனிக்க வேண்டும், "இது பசி" என்று இனம் காண வேண்டும், பிறகு வாய் திறந்து கேட்கவோ சமையலறைப் பக்கம் நடக்கவோ வேண்டும். இதில் எது தடைப்பட்டாலும் வெளியே இருந்து பார்க்கிற நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: "சாப்பிட மாட்டேங்கிறான்."

சில பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி பக்கத்து அறையில் மெதுவாக ஓடும் மின்னல் எஃப்.எம். மாதிரி. விளையாட்டு, டிவி, தம்பியின் அழுகை என்று எது வந்தாலும் அதில் அமுங்கிவிடும். இன்னும் சிலருக்கு அதே செய்தி காதுக்குப் பக்கத்தில் அலறும். குடலில் கொஞ்சம் காற்று நகர்ந்தாலே வலிக்கிறது என்று சுருண்டுகொள்வார்கள். மூன்றாவது வகைப் பிள்ளைக்குச் செய்தி சரியாகவே வருகிறது, என்ன செய்தி என்றுதான் புரிவதில்லை. பசியா, ஒன்றுக்கு வருகிறதா, பயமா, வயிற்றுவலியா என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் அழுகை ஒன்றையே பதிலாகத் தரும்.

இந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வயிறு சொல்றத மூளை எப்படிக் கேக்குது?

உடம்பின் உள்ளிருந்து வரும் செய்திகளை உணரும் திறனை இன்டெரோசெப்ஷன் என்கிறார்கள். பார்வை, செவி போன்ற வெளிப்புலன்களிலிருந்து இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். அது 1906-இல். பசி, தாகம், மூச்சுமுட்டல், இதயத் துடிப்பு, கழிப்பறை அவசரம், குமட்டல் எல்லாம் இதில் அடக்கம்.

வயிறு காலியாக இருக்கும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து இரத்தத்தில் ஏறும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டறிந்த ஹார்மோன் அது. சாப்பாடு இறங்கியதும் வயிற்றுச் சுவர் விரியும், அந்த விரிவை வேகஸ் நரம்பு மேலே சொல்லும். உணவு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து வேறு ஹார்மோன்கள் கிளம்பி "போதும்" என்று சொல்லத் தொடங்கும். வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி ஏற்றுகிறவை. மூளையிலிருந்து கட்டளை இறக்குகிறவை மிச்சம்தான். வந்த செய்திகளை எல்லாம் சேர்த்து "எனக்குப் பசிக்கிறது" என்ற உணர்வாக்குவதில் மூளையின் இன்சுலா என்ற மடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பே ஏறத் தொடங்கும். அதாவது வீட்டில் நேரம் ஒழுங்காக இருந்தால் உடம்பு அந்த நேரத்தைக் கற்றுக்கொள்கிறது.

ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான். இப்ப ரெண்டு வயசு, பாதிதான் சாப்பிடறான். ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதல் வருடத்தில் குழந்தை பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகிறது. 3 கிலோவில் பிறந்தது ஏறக்குறைய 9 கிலோவில் நிற்கும். இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் இறங்கும். உடம்பு சரியாகவே கணக்குப் போடுகிறது, பழைய கணக்கில் தட்டை நிரப்புவது நாம்தான். கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு தன் பாதையிலேயே போகிறதா என்று தாதியிடம் கேளுங்கள். போகிறது என்றால் இந்தப் பக்கத்தின் மிச்சத்தைப் பதறாமல் படிக்கலாம்.

ரெண்டு வாய் வாங்கினதும் "போதும், வயிறு ஃபுல்"ங்கறா. அரை மணி நேரத்துல பிஸ்கட் கேக்கிறா. நடிக்கிறாளா?

நடிப்பு என்ற முடிவுக்குப் போகும் முன் அவளுடைய மலச்சிக்கலைப் பற்றி விசாரியுங்கள். நான் பார்க்கும் "ரெண்டு வாய்" பிள்ளைகளில் இது அடிக்கடி தட்டுப்படும் சங்கதி, பெற்றோர் தாமாகச் சொல்லாத சங்கதியும் இதுதான். "தினமும் போறா" என்பார்கள். கேட்டுப் பார்த்தால் ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை, அதுவும் முக்கி முக்கி. பெருங்குடல் அடைத்துக்கொண்டிருந்தால் மேலே வயிறு காலியாவதும் மெதுவாகும், பசி மங்கும், இரண்டு வாயிலேயே நிறைந்தது போல் இருக்கும். அவள் சொல்வது பொய்யே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலம் நாள்கணக்கில் தங்கினால் மலக்குடல் விரிந்து விரிந்து, "இப்போது போக வேண்டும்" என்று சொல்லும் உணர்வே மழுங்கிப்போகும். பிறகு பிள்ளை தெரியாமலேயே உள்ளாடையைக் கறையாக்கும். அதற்குத் திட்டு வாங்கும். திட்டுக்குப் பயந்து மேலும் அடக்கும். சாப்பாட்டுப் பிரச்சினை என்று வந்த பல வீடுகளில் வேலை கழிப்பறையிலிருந்துதான் தொடங்குகிறது. சாப்பிட்டதும் குடல் இயற்கையாகவே அசையும், ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு 5 முதல் 10 நிமிடம் உட்கார வைப்பது பயன் தரும். கால் தொங்காமல் ஒரு முக்காலியில் ஊன்றியிருக்கட்டும். மலமிளக்கி தேவையா, எவ்வளவு நாளைக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாலு நாள் கொடுத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று நீங்களே நிறுத்த வேண்டாம்.

மலச்சிக்கல் இல்லை என்றால், வயிற்றமிலம் மேலேறுவது, தட்டுக்கு முன் குடித்த பால் அல்லது சிராப் தண்ணி, வயிறு கொஞ்சம் விரிந்தாலே அதிகமாக உணரும் உடல்வாகு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பிஸ்கட் கேட்பதும் முரண் இல்லை. சிறிய அளவில், மென்று முடிக்க எளிதாக, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பொருளை அந்த வயிறு தாங்கும்.

சோறு தொட மாட்டான், ஆனா பால் நல்லா குடிக்கிறான். ஒரு நாளைக்கு ஆறு போத்தல். அது போதாதா?

போதாது. சொல்லப்போனால் சோறு இறங்காததற்கு அந்த ஆறு போத்தலே காரணமாக இருக்கலாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிற வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பாட்டிக்கு முட்டிவலி, பிள்ளை அழுகிறது, போத்தலைக் கொடுத்தால் அமைதி. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் போய்க்கொண்டிருந்தால் வயிறு முழுதாகக் காலியாவதே இல்லை. பசி ஏறி இறங்கும் அலையைப் பிள்ளை ஒரு தடவைகூட முழுதாக அனுபவிப்பதில்லை, அனுபவிக்காததை எப்படி அடையாளம் காணும்?

இன்னொன்று இரும்புச்சத்து. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் நாளுக்குச் சுமார் 500 மில்லியைத் தாண்டிப் பால் போனால் மற்ற உணவு குறைந்து இரத்தசோகை வரலாம். இரத்தசோகை பசியைக் குறைக்கும், பசி குறைந்தால் பாலே கதி, பால் ஏறினால் இரத்தசோகை கூடும். இந்தச் சுழலை இரத்தப் பரிசோதனை செய்துதான் அறுக்க முடியும். பிள்ளை வெளிறிப்போய், சீக்கிரம் களைத்து, மண்ணோ ஐஸ் கட்டியோ தின்ன ஆசைப்பட்டால் தாமதிக்க வேண்டாம்.

குறைப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் நடு இரவுப் போத்தல், அடுத்தது சாப்பாட்டுக்கு முந்திய போத்தல். எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டரையோ டயட்டீஷியனையோ கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பசி வந்தா அழறான், கடிக்கிறான், பொருளைத் தூக்கி வீசறான். சரின்னு தட்டை வெச்சா அதையும் தள்ளி விடறான். என்னதான் வேணும் அவனுக்கு?

அவனுக்கும் தெரியாது. பசி மெதுவாக ஏறியபோது அவன் கவனிக்கவில்லை, உச்சிக்கு வந்த பிறகே உடம்பு அலறியது. அந்த நேரத்தில் இதயம் படபடக்கிறது, அட்ரினலின் ஏறியிருக்கிறது. அட்ரினலின் ஏறினால் குடலின் வேலை மந்தமாகும், வாய் உலரும், சாப்பாடு உள்ளே போகாது. பசி வந்து பசியையே விரட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிமிடத்தில் தட்டு வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டோ, ஃபேன் காற்றில் உட்கார்ந்தோ, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தோ முதலில் உடம்பு இறங்கட்டும். மறுநாளிலிருந்து அந்த உச்சிக்குப் போகும் முன்பே சாப்பாட்டைக் கொண்டு வாருங்கள். அழுகை வழக்கமாக 11 மணிக்கு என்றால் தட்டு பத்தரைக்கு.

கட்டாயப்படுத்தி ஊட்டலன்னா எலும்பும் தோலுமா ஆயிடுவான்னு மாமியார் சொல்றாங்க. அவங்க அஞ்சு பிள்ளை வளர்த்தவங்க.

அஞ்சு பிள்ளை வளர்த்தவருக்குத் தெரிந்தது நிறைய. அவருடைய பயமும் நியாயமானது. நேரமும் சாப்பாடும் அளந்து கிடைத்த காலத்தில் தட்டில் மிச்சம் வைப்பது பெரிய குற்றம். ஆனால் சாப்பிடச் சிரமப்படும் பிள்ளையிடம் கட்டாயம் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது.

மூக்கைப் பிடித்து வாய் திறக்க வைப்பது, தலையைப் பிடித்துக்கொள்வது, வாந்தி எடுத்ததையும் பொருட்படுத்தாமல் அடுத்த வாய் திணிப்பது ஆகிய மூன்றும் கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் உணவு போகும் ஆபத்து அதில் இருக்கிறது. அதோடு, நாளுக்கு மூன்று முறை தட்டைப் பார்த்ததும் அட்ரினலின் ஏறுகிற பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்?

மென்மையான கட்டாயமும் கட்டாயம்தான். "இன்னும் மூணு வாய், முடிச்சா சாக்லெட்" என்பதைச் சொல்கிறேன். 1987-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பாலர்பள்ளிப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் பசிக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். மற்றப் பிரிவைத் தட்டைக் காலி செய்வதிலும் அதற்கான பரிசிலும் கவனம் வைக்கச் செய்தார்கள். முதல் பிரிவு, முன்னால் தின்றதில் சக்தி அதிகமா குறைவா என்பதற்கு ஏற்ப அடுத்ததன் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டது. மற்றப் பிரிவுக்கு அந்தத் திறமை வேலை செய்யவில்லை. வெளியே இருக்கும் தட்டைப் பார்க்கப் பழகிய பிள்ளை உள்ளே இருக்கும் வயிற்றைப் பார்ப்பதில்லை.

ஆனால் கையால் ஊட்டுவதையே குற்றம் என்று சிலர் பேசுகிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. பிசைந்த பருப்புச் சோற்றை அம்மா உருட்டித் தருவது நம் வீடுகளில் அன்பு. பிள்ளை வாயைத் திறந்தால் கொடுங்கள், முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். அந்த நிறுத்தும் இடம் மதிக்கப்பட்டால் ஊட்டுவதில் தவறே இல்லை. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "என்ன கொடுக்கணும், எப்பக் கொடுக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க அத்தை, எவ்வளவுன்னு அவன் சொல்லட்டும்." அதிகாரத்தில் பாதி அவரிடமே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

போன்ல கார்ட்டூன் ஓடினாத்தான் வாய் திறக்கறான்.

திறக்கிறான், ஆனால் என்ன விழுங்குகிறான் என்று அவனுக்கே தெரியாது. திரை இருக்கும்போது சுவை, மணம், நிறைவு எதுவும் பதிவதில்லை. எடை கவலைக்கிடமான பிள்ளைக்கு ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் சத்தத்தை அணையுங்கள், பிறகு கடைசி ஐந்து நிமிடம் திரை இல்லாமல், அடுத்து முதல் ஐந்து நிமிடமும். பெரியவர்கள் சாப்பிடும்போது போன் பார்த்தால் இது எதுவும் நடக்காது.

மகனுக்கு ஆட்டிசம். வெள்ளைச் சோறு கிச்சாப் (சோயா சாஸ்) ஊத்தி, ரொட்டி சானாய் சீனி தொட்டு, ஒரே பிராண்ட் நகெட். இதைத் தவிர எதுவும் இல்ல. இதுக்கும் உள்ள இருந்து வர்ற செய்திக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. முன்பு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உணவுச் சிக்கல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று கணக்கிட்டது. நாக்கிலும் மூக்கிலும் படுகிற கூச்சத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். உள்ளே நடப்பதைப் பேசுவதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு உடம்பின் உட்செய்திகள் மிக மெல்லியதாகவோ மிக உரத்தோ வருகின்றன, காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி என்று மாறுவதும் உண்டு. உள்ளே எதுவும் நிச்சயமில்லை என்றால் வெளியே நிச்சயமான ஒன்றைப் பிடித்துக்கொள்வது இயல்புதானே? அந்த நகெட் நேற்றும் அதே ருசி, நாளையும் அதே ருசி. சாம்பார் தினமும் வேறு.

ஆகவே பிடித்த மூன்றையும் பறிக்காதீர்கள். அவை மேசையில் இருக்கட்டும், பக்கத்தில் மிகச் சிறியதாக ஒன்று, தொடச் சொல்லாமல். "பசிக்கிறதா?" என்ற கேள்வி இந்தப் பிள்ளைக்குப் பல நேரம் வீண். "ஓய்வு மணி அடிச்சாச்சு, சாப்பிடுற நேரம்" என்ற வெளி அடையாளம் வேலை செய்யும். படம் ஒட்டிய நேர அட்டை இன்னும் நன்றாக வேலை செய்யும்.

கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுக்கும் பிள்ளை என்றால் மதியப் பசி மங்குவது மருந்தின் வேலை. மாத்திரைக்கு முன் நன்றாகப் பசியாற வைத்து, சாயங்காலம் பசி திரும்பும் நேரத்தில் சத்தான சாப்பாடு தயாராக இருக்கட்டும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் எடையைச் சொல்லுங்கள்.

குறைமாதத்துல பொறந்தா. மூக்குல டியூப் வழியா மாசக்கணக்கில் பால். இப்ப வாயால எதுவும் வாங்க மாட்டேங்கிறா.

அவளுடைய வயிறு இதுவரை கற்றுக்கொண்டதைப் பாருங்கள். பசி வரும் முன்பே வயிறு நிரம்பியது. வாய்க்கும் நிறைவுக்கும் தொடர்பே இல்லை. வாய்ப்பக்கம் வந்ததெல்லாம் டியூப், பிளாஸ்டர், உறிஞ்சுகுழாய். சிரமம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டியூப்பில் பால் போகும் நேரத்திலாவது அவளை மடியில் வைத்து, உதட்டில் ஒரு சொட்டு ருசி காட்டுங்கள், விழுங்குவது பாதுகாப்பானது என்று மருத்துவர் சொல்லியிருந்தால். இரவு முழுக்க ஓடும் டியூப் உணவைப் பகலுக்கு ஏற்றபடி மாற்றுவதும், பசி எட்டிப் பார்க்க இடம் விட்டு மெல்லக் குறைப்பதும் மருத்துவர், டயட்டீஷியன், தெரபிஸ்ட் மூவரும் சேர்ந்து எடையைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

எங்க வீட்டுச் சாப்பாடே காரம். அதான் காரணமா?

இருக்கலாம். காரம் ஒரு சுவை அல்ல, சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்பு வழியாக வரும் செய்தி. மிளகாயின் காரச்சத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். கூடவே பகிர்ந்துகொண்ட ஆர்டெம் படாபுடியன் கண்டறிந்தது அழுத்தத்தையும் விரிவையும் உணரும் ஏற்பிகளை. நமக்குச் சுள்ளென்று இருப்பது உட்செய்தி உரத்துக் கேட்கும் பிள்ளைக்குத் தீக்காயம். குழம்பு கொதிக்கும்போது மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். "மலேசியப் பிள்ளை, சம்பல் பழகணும்" என்று சித்தப்பா சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஒரு தடவை மீன் முள்ளு தொண்டையில சிக்கிச்சு. அதுலருந்து கஞ்சி தவிர ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசம் ஆகுது.

ஒரே ஒரு கெட்ட அனுபவம் போதும், உடம்பு அந்த உணவை ஆபத்து என்று எழுதிவிடும். அதன் பிறகு தொண்டையில் சாதாரணமாகச் சோறு இறங்கும் உணர்வையே "சிக்குது" என்று படிக்கும். முதலில் டாக்டர் தொண்டையைப் பார்த்து முள் இல்லை என்று உறுதி செய்யட்டும். பிறகும் பயம் தொடர்ந்து எடையோ சத்தோ குறைந்தால் அது ஆர்ஃபிட் என்ற உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்க்கப்பட்டது. பயத்தால் தவிர்ப்பது, உணவில் ஆர்வமே இல்லாதது, ருசி மணம் பதத்தைத் தாங்க முடியாதது என்று அதில் மூன்று முகங்கள் உண்டு. மெலிய வேண்டும் என்ற ஆசை இதில் கிடையாது. பயத்தால் வந்ததற்கு உளவியல் சிகிச்சை நன்றாக உதவும். நாள் தள்ளத் தள்ளக் கடினமாகும்.

எங்க கதை தலைகீழ். எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கேக்கிறா.

நிறைவைச் சொல்லும் செய்தி மெதுவாக வருகிற பிள்ளைகளும் உண்டு. வேகமாக விழுங்குகிறவர்களுக்குச் சிறுகுடலின் "போதும்" வந்து சேரும் முன்பே இரண்டாவது தட்டு முடிந்துவிடும். இடையில் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சலிப்பையும் சோகத்தையும் பசி என்று படிப்பதும் சகஜம்.

ஆனால் குழந்தையாக இருந்தபோது உடம்பு தளர்ந்து, பால் உறிஞ்சவே பலமில்லாமல் இருந்து, பிறகு சில வயதில் அடங்காத பசி கிளம்பியது என்றால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். 15-ஆம் குரோமோசோமைச் சார்ந்த பிராடர்-வில்லி என்ற அரிய நிலை இப்படி நடக்கும். அந்தப் பிள்ளையைத் "தின்னிப்பண்டாரம்" என்று அழைப்பது கொடுமை.

தொக்கம் எடுத்தா சரியாகும்ங்கறாங்க. பூச்சி மருந்து? பசி டானிக்?

தொக்கம், குடலேற்றம் என்று வயிற்றை அழுத்தித் தேய்ப்பதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். தொண்டை புண்ணாகும், ஏற்கெனவே வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்குப் புதுப் பயம் ஒன்று சேரும். கண்ணூறு சுற்றிப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை, அது பிள்ளையைத் தொடுவதில்லை. பூச்சி மருந்தைக் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள், எல்லாப் பசியின்மைக்கும் பூச்சி காரணமில்லை. டானிக் பெரும்பாலும் விட்டமின். சத்துக் குறை உள்ள பிள்ளைக்கு உதவும், செய்தி கேட்காத பிள்ளைக்குக் கேட்கவைக்காது.

சரி, வீட்டுல நாங்க என்னதான் செய்யறது?

நேரம். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் இடையில் இரண்டரை மூன்று மணி நேரம், இடைவெளியில் வெறும் தண்ணீர். பினாங்கு வெயிலுக்குத் தண்ணீர் வேண்டும், சிராப் பண்டுங்கும் மைலோ ஐஸும் தண்ணீர் ஆகாது. மேசையில் 20 முதல் 30 நிமிடம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டு எழும்பட்டும், முகம் சுளிக்காமல். கிரெலின் நேரத்தைக் கற்றுக்கொள்ளும் என்று சொன்னேனே, அதற்குத்தான் இது. முதல் வாரம் கடினம். வீட்டில் உள்ள எல்லாரும், கீழ் மாடி ஆன்ட்டி உட்பட, பிஸ்கட் நீட்டாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் அதுதான் மிகக் கடினம்.

அடுத்தது பேச்சு. உங்கள் உடம்பை நீங்கள் படிப்பது பிள்ளைக்குக் கேட்கட்டும். "என் வயிறு கடமுடங்குது, பசி வந்திருச்சு." "எனக்குப் போதும், வயிறு இறுக்கமா இருக்கு, மிச்சத்தை மூடி வைக்கிறேன்." கேள்வியாகக் கேட்காதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர்மலைக் கோயில் படி ஏறியதும் நெஞ்சில் கை வைத்துத் துடிப்பைப் பார்ப்பது, ஐஸ் தண்ணீர் எதுவரை இறங்குகிறது என்று விரலால் காட்டுவது, ஒன்றுக்கு முட்டும்போது எங்கே முட்டுகிறது என்று சொல்லிப் பார்ப்பது எல்லாம் அதே பயிற்சிதான். சாப்பாட்டு மேசைக்கு வெளியே, அழுத்தம் இல்லாத நேரத்தில் பழகுவது எளிது. இந்தப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் இளம் பருவத்தில்தான் இருக்கின்றன. ஆகவே இதை மட்டும் பெரிய பணம் கட்டி வாங்க வேண்டாம், நேர ஒழுங்கும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் இது தனியாக நிற்காது.

எப்ப உடனே டாக்டர்கிட்ட போகணும்?

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று விழுங்க மறுத்து எச்சில் வடித்தால் அவசரம். நாணயமோ பட்டன் பேட்டரியோ சிக்கியிருக்கலாம், பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை எரித்துவிடும். நேராக அவசரப் பிரிவு, அல்லது 999. பச்சை நிற வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், சாப்பிடும்போது நீலம் பாய்வது, சிறுநீர் மிகக் குறைவது ஆகியவையும் அப்படித்தான்.

எடை இறங்குவது, குடிக்கும்போதெல்லாம் இருமுவது, அடிக்கடி சளிக்காய்ச்சல், சாப்பிடும் பொருள்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே போவது ஆகியவற்றுக்கு அந்த வாரமே நேரம் வாங்குங்கள். வயதுக்கேற்றபடி வாயால் உண்ண முடியாத நிலை இரண்டு வாரம் நீடித்து, அதோடு உடல்நலம், சத்து, உண்ணும் திறன், வீட்டுச் சூழல் இவற்றில் ஒன்றிலாவது சிக்கல் இருந்தால் அதைக் குழந்தைகளின் உணவூட்டக் கோளாறாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் நிபுணர்கள் வரையறுத்தார்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

பினாங்குல எங்க ஆரம்பிக்கிறது?

வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்). குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). கிளினிக் புத்தகத்தைக் கொண்டு போங்கள், எடைக்கோடு எப்போது வளைந்தது என்று அதில்தான் தெரியும். அங்கிருந்து சூராட் ருஜுகான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கினால் தீவில் இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனைக்கும், பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்கள் செபெராங் ஜெயா மருத்துவமனைக்கும் குழந்தை நிபுணரைப் பார்க்கப் போகலாம். நிபுணர் தேவைக்கேற்ப மற்றவர்களிடம் அனுப்புவார். அறைக் கதவில் பெமூலிஹான் சாரா கெர்ஜா என்றிருந்தால் ஓ.டி., பெர்துத்துரான் என்றிருந்தால் பேச்சும் விழுங்குதலும், டயட்டெடிக் என்றால் உணவு. காத்திருக்கும் காலம் நீளலாம், அதற்குள் மூன்று நாள் சாப்பிட்டது, குடித்தது, மலம் போனது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பால் அளவை மில்லியில் எழுதுங்கள், "கொஞ்சம்" என்று எழுதாதீர்கள். ஒரு முழுச் சாப்பாட்டைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல பிள்ளைகள் சமர்த்தாகச் சாப்பிட்டுக் காட்டிவிடுவார்கள்.